கண்ணாடிப் பரணியும் பகவதிப்பெருமாள் சார் வயிறும்

பகவதிப்பெருமாள் சாரின் வயிறு கண்ணாடியாகிப்போனது ஆவணி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கும் ஒன்பதேகாலுக்கும் இடையில் என்று ஊரில் எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் நடந்ததிலும் பின்னால் நடந்ததிலும் ஆளுக்கொரு கதை உண்டு. இந்தக் கால்மணி நேரத்தில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை, ஏனென்றால் அப்போது கோயில் கொடிமரத்துப் பக்கத்தில் அறுபது பேராவது நின்றுகொண்டிருந்தார்கள், நாஞ்சில் நாட்டுக் கோயில் வழக்கப்படி ஆண்கள் அத்தனை பேரும் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார்கள், சாரும் கழற்றினார்.

சார் முப்பத்தொரு வருடம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவர். ஒளிபுகும் பொருள், ஒளிகசியும் பொருள், ஒளிபுகாப் பொருள் என்று ஒன்பதாம் வகுப்புக்கு உதாரணம் சொல்லும்போது கடைசி வகைக்குத் தன் தொப்பையைத்தான் தட்டிக் காட்டுவார். ஓய்வு பெற்ற பிறகு அந்தத் தொப்பை இன்னும் கொஞ்சம் முன்னேறியது, சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றது, டாக்டர் நடக்கச் சொன்னார், நடக்கப் போன குளத்தங்கரையில் நடைக்குழு ஒன்று இருந்தது, அந்தக் குழுவுக்கு வாட்ஸப் இருந்தது, அந்த வாட்ஸப்பில் ஒருநாள் ஒரு வீடியோ வந்தது. பழத்தையும் தழையையும் தண்ணீரில் ஊறப்போட்டுக் குடித்தால் உள்ளே இருக்கும் அழுக்கெல்லாம் போய் உடம்பு பளிங்கு மாதிரி ஆகிவிடும் என்று அதில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சொன்னது ஒரு பேச்சுக்கு என்பது சாருக்கு உறைக்கவில்லை, தண்ணீருக்கும் உறைக்கவில்லை.

இந்தப் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வார்கள். சாரின் மனைவி தங்கநாச்சியார் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முப்பத்தாறு வருடமாக ஒருநாள் சீரகமும் ஒருநாள் பதிமுகப் பட்டையும் போட்டுக் கொதிக்கவைத்து, இளஞ்சிவப்பாக ஆறின வெள்ளத்தைச் செம்பில் ஊற்றி அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டிருந்தாள், அவரும் அதைத்தான் அண்ணாந்து குடித்துவிட்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். ஆனால் அதை யாரும் வீடியோவில் சொல்லாததால் அது வெறும் சீரக வெள்ளமாகவே இருந்துவிட்டது.

சார் ஒரு பெரிய கண்ணாடிப் பரணி வாங்கினார், ஜாடியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். வெள்ளரிக்காயைத் தோலோடு வட்டமாக, ஸ்கேல் வைத்துப் பார்த்தால் மூன்று மில்லிமீட்டர் வருமாறு நறுக்கினார். எலுமிச்சையில் ஒரு விதை விடாமல் எடுத்தார், விதை இருந்தால் கசக்குமாம். புதினாவை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார், தட்டினால்தான் வாசம் இறங்குமாம். துளசி, நசுக்கின இஞ்சி, அன்னாசித் துண்டு நாலு, எல்லாவற்றையும் சாயங்காலம் பரணியில் போட்டு நிறைய வெள்ளம் ஊற்றி மூடி, காலையில் வடிகட்டாமல் குடித்தார். இலையும் துண்டும் உள்ளே போனால் போகட்டும், சத்துதானே என்பது அவர் கட்சி. அதற்கு ஊறல் என்று தமிழ்ப்பெயர் வைக்கப் பார்த்தார்; அந்தப் பேரை வெளியே சொன்னால் போலீஸ் வந்து பரணியை உடைத்துவிடும் என்று நடைக்குழுத் தலைவர் குற்றாலிங்கம் சொன்னதால் விட்டுவிட்டார்.

"நாச்சியா, ஒரு மண்டலம் நாப்பத்தெட்டு நாளு. அதுவரைக்கும் எனக்கு இந்த வெள்ளமும் மத்தியானம் ஒரு கிண்ணம் ஊறப்போட்ட பயறும் போரும்" என்றார் சார்.

"சோறு?"

"சோறு வேண்டாம். உன் தீயல்ல எண்ணெ மெதக்கு. அவியல்ல தேங்கா. எரிசேரியிலயும் தேங்கா. நம்ம சமையலே ஒரு தேங்காக் கடை பாத்துக்கோ. நீ உனக்கு மட்டும் பொங்கிக்கோ, வேலை மிச்சம்."

தங்கநாச்சியார் தீயலுக்கு வறுத்துக்கொண்டிருந்த தேங்காயை ஒரு தடவை பார்த்தாள். சின்ன உள்ளியை உரித்து, தேங்காயைக் கருகாமல் கறுக்க வறுத்து, அவள் வைக்கும் தீயல் குழம்புக்கு நாலு தெருவில் பேர் உண்டு. "சரி" என்றாள், அடுப்பை அணைத்தாள்.

ஆறு நாள் சார் அசையவில்லை. அசையாமல் இருந்ததைப் பற்றிக் குழுவில் தினமும் எழுதினார். ஏழாவது நாள் காலை, நடந்து முடித்துத் திரும்பும்போது, தாசையன் டீக்கடையில் ரசவடை கொதிக்கும் வாசம் வந்தது. நாகர்கோவில்காரனுக்கு ரசவடை வாசம் மூக்கில் ஏறினால் கால் தானாக நிற்கும். சார் நின்றார், நின்று யோசித்தார், விஞ்ஞான ரீதியாகவே யோசித்தார். ரசம் என்பது என்ன, மிளகும் சீரகமும் கொத்துமல்லித் தழையும் ஊறின வெள்ளம்தானே. வடை என்பது அதில் ஊறின பருப்புதானே. அப்படியானால் இதுவும் அந்த வீடியோ சொன்ன வழியில்தான் வருகிறது. இந்த முடிவுக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு வடை முடிந்திருந்தது. மறுநாளும் அதே ஆராய்ச்சி நடந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, பரணியைத் திறந்து, வாசம் போவதற்காக ஒரு டம்ளர் சேர்த்தே குடித்தார்.

இப்படியே நாற்பத்தொன்றாம் நாள் வந்தது, அதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

சட்டையைக் கழற்றினபோது முதலில் பார்த்தது குற்றாலிங்கம்தான். அவர் அலறவில்லை, மயங்கவில்லை, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நெஞ்செலும்புக்குக் கீழே தொடங்கித் தொப்புள் வரை சாரின் தோலும் சதையும் கழுவிவைத்த கண்ணாடியாக இருந்தன. உள்ளே வெள்ளம் தெளிவாக நின்றது, அதில் எலுமிச்சைத் துண்டு ஒன்று மிதந்தது, துளசி இலை சுற்றிச்சுற்றி வந்தது.

"சார்வாள், எலுமிச்சை தெரியுது, துளசி தெரியுது. அதுக்குக் கீழ கெடக்கது ரசவடையா?"

"ஒண்ணில்ல ஓய், ரெண்டு" என்று பின்னால் நின்ற ஒருவர் திருத்தினார்.

சார் குனிந்து பார்த்தார். தொப்பை இருந்தவரை தன் வயிற்றைத் தானே முழுக்கப் பார்க்க முடியாதவர், இப்போது தொப்பை வழியாகவே பார்த்தார். வடைதான். ஓரம் கொஞ்சம் கரைந்திருந்தது, மற்றபடி தாசையன் கைப்பக்குவம் அப்படியே தெரிந்தது. அறுபது பேருக்கு முன்னால் சாமியைக் கும்பிடுவதா வயிற்றை மூடுவதா என்று தெரியாமல் இரண்டு கையையும் பாதிவழியில் நிறுத்திக்கொண்டு நின்றார்.

அவர் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்திருந்தது. தங்கநாச்சியார் வாசல்படியில் நின்றிருந்தாள். சட்டைப் பொத்தானை மேலே கழுத்துவரை போட்டுக்கொண்டு வந்தவரை உள்ளே வரச்சொல்லி, ஒரு நாற்காலியைக் காட்டி, அவர் உட்கார்ந்த பிறகு கேட்டாள்.

"தாசையன் கடையிலயா?"

"ம்."

"எத்தன நாளா?"

"முப்பத்தஞ்சு நாள். அஞ்சாறு பழம்பொரியும் உண்டு" என்றார் சார். கணக்கில் பொய் சொல்ல அவருக்கு வராது.

"என் தீயல்ல எண்ணெ மெதக்குன்னியளே" என்றாள் அவள்.

அவ்வளவுதான். கத்தினால் அவர் பதில் வைத்திருந்தார், அழுதால் அதற்கும் ஒன்று வைத்திருந்தார். அவள் உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அவரைப் பார்த்து மற்ற எல்லாம் பேசினாள், கரண்டு பில் வந்தது, கதவைச் சாத்துங்க என்றெல்லாம் பேசினாள், சாப்பாட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

ஊர் அந்த வயிற்றை எடுத்துக்கொண்ட விதம்தான் சாருக்கே ஆச்சரியம். ஏன் இப்படி ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. நாற்பத்தொன்றில் ஆகிவிட்டதால் மண்டலம் என்பது நாற்பத்தொரு நாள்தான் என்று ஒரு கட்சியும், நாற்பத்தெட்டு வரை போயிருந்தால் சார் முழுசாகவே மறைந்திருப்பார், அதனால் நாற்பத்தெட்டுதான் என்று ஒரு கட்சியும் குளத்தங்கரையில் பதினைந்து நாள் சண்டை போட்டன. டாக்டர் தொட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, வெள்ளம் குடிப்பதை நிறுத்தினால் மூன்று நாளில் பழையபடி ஆகிவிடும் என்றார், ஆனால் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லித் தன் மருமகனைக் கூப்பிட்டுக் காட்டினார். பழைய பள்ளிக்கூடத்திலிருந்து விலங்கியல் டீச்சர் ஒரு வகுப்பையே கூட்டிக்கொண்டு வந்து, "இது இரைப்பை, இது சார்" என்று விளக்கினாள். கோயில் ஸ்ரீகாரியம், அதாவது நிர்வாகம் பார்க்கிறவர், சாமி சன்னிதிக்குள் வடையோடு வருவது முறையில்லை என்று யோசித்து, வயிற்றில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டு வரலாம் என்று விதி வகுத்தார். தாசையன் கடையில், சார் வயிற்றில் தெரிந்தது எங்கள் வடையே, வேறு கிளைகள் இல்லை என்று பலகை வைத்தான்.

கல்யாண வீட்டுக்காரர்கள்தான் அவரை உண்மையில் கெடுத்தார்கள். முதல் பந்தியில் முதல் இலை அவருக்கு, மேல்துண்டு மட்டும் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும், பருப்பும் நெய்யும் சாம்பாரும் புளிசேரியும் ரசமும் இரண்டு பாயசமும் உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு அடுக்காக இறங்குவதை இரண்டு வீட்டுச் சம்பந்திகளும் நின்று பார்ப்பார்கள், சமையல்காரர் பெருமையோடு கையைத் துடைத்துக்கொள்வார். நாலு கல்யாணம், ஒரு கிரகப்பிரவேசம். ஐந்திலும் சார் எண்ணெய் மிதப்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வாழ்நாளில் முதல்முறையாகத் தன்னை எல்லோரும் கவனிக்கிறார்கள் என்று மகிழ்ந்துபோன மனுஷனுக்கு, கவனிப்பது தன்னையல்ல பாயசத்தை என்று புரிந்துகொள்ள ஐந்து பந்தி தேவைப்பட்டது, ஆசிரியர்கள் சில விஷயத்தில் மெதுவாகத்தான் கற்பார்கள்.

புரட்டாசி பிறந்தது. முதல் சனிக்கிழமை குற்றாலிங்கம் சார் வீட்டுக்கு வந்து, அப்படி என்னதான் இருக்கிறது இந்த வெள்ளத்தில் என்று பரணியிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்தார். இத்தனை நாள் ஊறின பரணி அல்லவா, அவருக்கு மண்டலம் தேவைப்படவில்லை, பத்தே நிமிடம் போதுமாக இருந்தது. சனிக்கிழமை விரதம், துளசித் தீர்த்தம் தவிர எதையும் தொடமாட்டேன் என்று வருடா வருடம் குழுவில் எழுதுகிறவரின் வயிற்றில் நெத்திலிக் கருவாடு நாலு வாலோடு தெரிந்தது. அந்த மூன்று நாளும் அவர் வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு நடந்தார். அதன்பிறகு சார் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் திடீரென்று தாகம் நின்றுபோனது. இப்பத்தான் குடிச்சேன், ஜலதோஷம், டாக்டர் வெள்ளமே குடிக்கக்கூடாதுன்னுட்டாரு என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிப் பரணியைத் தாண்டி நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார்கள்.

கூட்டம் குறைந்த பிறகுதான் சாருக்குத் தன் வீடு காதில் விழுந்தது. அங்கே சத்தமே இல்லை. முன்பெல்லாம் பதினொரு மணிக்கு அம்மியோ மிக்ஸியோ ஏதாவது ஒன்று பேசும், தாளிக்கிற வாசம் வரும், அதற்குப் பின்னாலேயே அவள் குரல் வரும், இலை நறுக்கட்டா தட்டா என்று. இப்போது அந்தக் குரல் இல்லை என்பது அவருக்கு வயிற்றுக்கும் மேலே எங்கேயோ வலித்தது. அவளுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்று அறுபத்திரண்டு வயதில் பயந்தார். நன்றாகவே பயந்தார்.

வெள்ளத்தை நிறுத்தியிருக்கலாம், மூன்று நாளில் வயிறு மூடியிருக்கும். ஆனால் சார் வேறு விதமாக யோசித்தார், அவர் யோசிப்பதில்தான் எப்போதும் கோளாறு. வயிறு மூடிவிட்டால் தான் திருந்தியதை எப்படி நிரூபிப்பது? ஆகவே தாசையன் கடைப் பக்கம் போவதை விட்டார், கல்யாணப் பந்திகளை விட்டார், நிஜமாகவே வெள்ளமும் பயறும் மட்டும் எடுத்துக்கொண்டு, தினமும் மத்தியானம் சமையலறை வாசலில் போய் நின்று பனியனைத் தூக்கிக் காட்டினார்.

"பாரு நாச்சியா. பயறு மட்டுந்தான். எண்ணிக்கூடப் பாக்கலாம்."

"கண்ணாடி போடல்ல" என்பாள் அவள், திரும்பாமல்.

மறுநாள் கண்ணாடியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதை வாங்கிப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தாள். இப்படி இருபத்தைந்து நாள், ஓய்வு பெற்ற முதுகலை ஆசிரியர் ஒருவர் தன் சொந்த வீட்டில் பனியனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

இருபத்தாறாம் நாள் மத்தியானம் இரண்டரை மணிக்கு அவர் பனியனைத் தூக்கினபோது தங்கநாச்சியார் சட்டென்று எழுந்தாள். "தெனமும் காட்டுதிய, தெனமும் காட்டுதிய, அதில என்னதான் கெடக்குன்னு நானும் பாக்கேன்" என்று சொல்லி, பரணியைச் சரித்து டம்ளரில் ஊற்றி, இத்தனை பேர் பயந்து ஒதுங்கின வெள்ளத்தை உதடு படாமல் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்து வைத்தாள். வைத்துவிட்டு, பேப்பரை மடிக்கப் போனாள்.

பத்து நிமிடத்தில், ரவிக்கைக்கும் சேலை மடிப்புக்கும் நடுவில் நாலு விரல் இடம் தெளிந்துவந்தது. சார் பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தார், பார்த்தார். சோறு இருக்கும், தீயல் இருக்கும், தனக்கென்று அவள் ரசித்துச் செய்துகொண்டதெல்லாம் இருக்கும், இருக்கட்டும், பார்த்துவிட்டுப் பாராட்டிச் சொல்லி அப்படியே சமாதானம் ஆகிவிடலாம் என்று ஒரு வாக்கியத்தைக்கூடத் தயார் செய்தார். உள்ளே இப்போது குடித்த வெள்ளம் நின்றது. அதில் ஒரு புதினா இலை. வேறு ஒன்றுமில்லை.

"நீ இன்னும் சாப்பிடல்லையா?"

"காலையில காப்பி குடிச்சேன்."

"மணி ரெண்டரை ஆவுது நாச்சியா. மத்தியானம் பாத்திரம் கழுவுன சத்தம் கேட்டதே."

"அது உங்க பயறுக் கிண்ணம்."

"எத்தன நாளா?" என்றார்.

"நீங்க வெள்ளத்தில எறங்குன அன்னையிலேர்ந்துதான். ஒருத்திக்குன்னு எதுக்கு உலை வைக்கணும்? பசிச்சா ரெண்டு வாய் பழையது. இல்லேன்னா அதுவும் இல்ல" என்றாள், கோபம்கூட இல்லாமல், கரண்டு பில் வந்திருக்கிறது என்று சொல்கிற குரலில்.

கணக்கு அவருக்குத் தானாக ஓடியது, நிறுத்தப் பார்த்தும் ஓடியது. முப்பத்தைந்து நாளுக்கு மேல் அவர் டீக்கடையில் நின்று வடை தின்றிருக்கிறார், ஐந்து பந்தியில் பாயசம் குடித்துக் காட்டியிருக்கிறார், இருபத்தைந்து நாள் தன் வயிற்றைத் தூக்கிப் பிடித்துப் பாரு பாரு என்று நின்றிருக்கிறார். அத்தனை நாளில் ஒருநாள், ஒரே ஒருநாள், நீ சாப்பிட்டியா என்று கேட்டதில்லை. கோயிலில் வடை தெரிந்தபோது வந்த வெட்கத்தை ஊரோடு சேர்ந்து அவரும் சிரித்துத் தீர்த்துவிட்டார். இந்த வெட்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் பனியனை இறக்கிவிட்டுக்கொண்டு சமையலறைக்குள் போனார். அரிசி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, முப்பத்தாறு வருடம் இருந்த வீட்டில் தெரியவில்லை. உப்பு என்று நினைத்து சோடாமாவை எடுத்தார், வைத்தார். "அரிசி ரெண்டாவது தட்டில, நீலத் தூக்கில" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. சம்பா அரிசி வேக முக்கால் மணியாவது ஆகும் என்பதும் அவருக்குத் தெரியாது. நுரை பொங்கினதும் வெந்துவிட்டது என்று வடித்தார், வடிக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டார், சின்ன உள்ளியை மிளகாயோடு நசுக்கி, தேங்காய் எண்ணெயை ஒரு கரண்டி நிறைய ஊற்றினார். அது தீயல் இல்லை, துவையலும் இல்லை, எதுவுமே இல்லை. எண்ணெய் மட்டும் நன்றாக மிதந்தது.

ஒரு தட்டில் போட்டுக்கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். எதிரே தரையில் உட்கார்ந்தார்.

தங்கநாச்சியார் தட்டைப் பார்த்தாள், அவர் கையில் கொப்புளம் வந்திருப்பதைப் பார்த்தாள், ஒரு பிடி பிசைந்து வாயில் போட்டாள், நெடுநேரம் மென்றாள், விழுங்கினாள். சார் குனிந்து, சேலை மடிப்புக்கு மேலே அந்த நாலு விரல் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சோறு இறங்கிவந்தது, ஒவ்வொரு அரிசியும் தனித்தனியாக, முழுசாக, விறைத்துக்கொண்டு.

"அரிசி வேகல்ல" என்றாள் அவள்.

"தெரியுது" என்றார் சார்.

அவள் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். பிறகு அந்தத் தட்டை முழுசாகத் தின்று முடித்து, அவர் பக்கம் நீட்டினாள்.

"இன்னும் ஒரு அகப்பை போடுங்க" என்றாள். "உங்களுக்கும் போட்டுக்கிடுங்க."